மூத்தவள் வாங்கினால் இளையவளுக்கு இல்லையா?

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதும் கல்லூரிக்குப் பணம் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே சமயம்தான். ஆய்க்குடியில் சாரல் தூறும்போதே இ-சேவை மைய வாசலில் அம்மாக்கள் மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு நிற்பார்கள். அந்த வரிசையில் காதில் விழும் தகவலில் பாதி சரி, பாதி தப்பு. ஒரு பிள்ளை படிக்கும் வீடு அந்தத் தப்பை எப்படியோ சமாளித்துவிடும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடு கடனில் போய் நிற்கும்.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா கொத்தனார். மூத்தவள் குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில் பி.ஏ. முடித்து எம்.ஏ. சேர்கிறாள். நடுவுள்ளவன் சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. கடைக்குட்டி பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். மூவரும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள்.

நம்பிக்கை 1: “ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்குத்தான் மாசம் ஆயிரம் ரூபாய்.”

உண்மை: 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாணவரைத்தான் பார்க்கின்றன. அக்கா வாங்கினாள் என்பதற்காகத் தம்பிக்கும் தங்கைக்கும் மறுக்கப்படுவதில்லை. குடும்ப வருமான வரம்பும் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் இதைச் சேர்த்து வாங்கலாம். நம் வீட்டில் தம்பிக்கு உண்டு, கடைக்குட்டி கல்லூரியில் சேர்ந்ததும் அவளுக்கும் உண்டு. பட்டமேற்படிப்புக்கு இது பொருந்தாது என்பதால் மூத்தவளுக்கு பி.ஏ.வோடு நின்றுவிடும்.

நம்பிக்கை 2: “முதல் பட்டதாரி சலுகையை வீட்டுல யாரும் வாங்கல. அப்போ சின்னவளுக்குக் கண்டிப்பா கிடைக்கும்.”

உண்மை: கிடைக்காது. வீட்டை எண்ணும் திட்டம் இது. சலுகையை யார் வாங்கினார்கள் என்பதோடு, பட்டதாரி யாராவது இருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் மட்டுமல்ல, தாத்தா பாட்டி வரை விசாரிப்பார்கள். மூத்தவள் பி.ஏ. முடித்த அன்றே இந்த வீட்டுக்கு முதல் பட்டதாரி வந்தாயிற்று. கலைக் கல்லூரியில் படித்ததால் தொழிற்கல்விக்கான அந்தக் கட்டணச் சலுகையை அவள் ஒரு ரூபாய்கூட அனுபவிக்கவில்லை. ஆனாலும் தங்கைக்கு அது போனது போனதுதான். இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல், அந்தச் சலுகையை நம்பித் தனியார் கல்லூரியில் இடத்தை உறுதி செய்துவிட்டுத் தவிக்கும் வீடுகள் உண்டு.

நம்பிக்கை 3: “அது போச்சுன்னா பொறியியலுக்கு நகையை அடகு வைக்க வேண்டியதுதான்.”

உண்மை: அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. வீட்டில் எத்தனை பட்டதாரிகள் என்று இங்கே கேள்வி இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மட்டும் இது கிடையாது.

ஒதுக்கீட்டில் இடம் அமையாவிட்டால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பெண்களுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை என்று இதில் எண்ணிக்கை வரம்பு உண்டு.

நம்பிக்கை 4: “பீடிக்காரங்க பிள்ளைக்கு வர்ற பணம் நோட்டு வாங்கத்தான் காணும்.”

உண்மை: பள்ளியில் படிக்கும்வரை அப்படித்தான் தோன்றும். மத்தியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் இந்த உதவித்தொகை ஒன்றாம் வகுப்பில் 1,000 ரூபாயில் தொடங்கி, உயர்கல்வியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை போகிறது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக. ஆனால் அம்மாவின் பெயரில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். அடுத்தவர் பெயரில் உள்ள பீடி பாஸ்புத்தகத்தில் வருடக்கணக்காகச் சுற்றிக் கொடுத்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் இடிக்கும்.

நம்பிக்கை 5: “மூத்த பிள்ளைக்குக் கல்விக்கடன் இருந்தா அடுத்த பிள்ளைக்கு பேங்க்ல தரமாட்டாங்க.”

உண்மை: வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கடன் திட்டம், உடன்பிறந்தவரின் கடன் அடுத்தவரின் தகுதியைப் பாதிக்காது என்றே சொல்கிறது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். தகுதியுள்ள தொழிற்கல்விப் படிப்புகளில், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு.

எச்சரிக்கை வேறு இடத்தில். பிள்ளைகள் வேறு வேறு என்றாலும் கையெழுத்து ஒரே அப்பாவுடையது. மூத்த பிள்ளையின் தவணை தவறினால் அப்பாவின் சிபில் கடன் மதிப்பெண் அடிபடும். அடுத்த பிள்ளையின் விண்ணப்பம் அப்போதுதான் சிக்கும்.

நம்பிக்கை 6: “மூணு பிள்ளை படிக்கிற வீடுன்னா வருமான வரம்பைத் தளர்த்துவாங்க.”

உண்மை: பட்டியல் சாதி, பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான பல உதவித்தொகைகளுக்குப் பெற்றோர் வருமான வரம்பு 2.5 லட்சம். அந்த வரம்பு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஒரே பிள்ளையைப் படிக்கவைக்கும் 2.4 லட்ச ரூபாய் வீடு உள்ளே, மூன்று பேரைப் படிக்கவைக்கும் 2.6 லட்ச ரூபாய் வீடு வெளியே. அமெரிக்காவில் மத்திய அரசின் கணக்குமுறை, ஒரே சமயத்தில் எத்தனை பிள்ளைகள் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெற்றோரின் பங்கை வகுத்துவந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் அங்கேயும் அதை எடுத்துவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் நம் ஊரில் திருத்த வேண்டிய இடம் இந்த வருமான வரம்புதான்.

அதுவரை வீடுகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு திட்டமும் பிள்ளையை எண்ணுகிறதா, வீட்டை எண்ணுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது. “எங்க மூத்தவளுக்கே வாங்கியாச்சு” என்று சொல்லி வரிசையிலிருந்து விலகும் அம்மாவிடம் பின்னால் நிற்பவர் கேட்க வேண்டியதும் அதுதான்: “எந்தத் திட்டத்துலக்கா?”