அறுபது மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தால்

ஐப்பசி பிறந்தால் வலசைப் பறவைகளின் வரத்து கூடும். கூடவே ‘கைக்கு அடக்கமா எந்த ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கலாம்?’ என்ற கேள்வியும் வந்துவிடும். அதையொட்டி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஸ்கோப் இருந்தால் பைனாகுலர் வேண்டாம்.

வண்டலூர் காப்புக்காட்டுப் புதரில் தாவும் சிட்டின் பக்கம் ஸ்கோப்பைத் திருப்புவதற்குள் அது பறந்திருக்கும். அங்கே 8 மடங்கு, 42 மி.மீ. பைனாகுலர்தான். ஸ்கோப் தண்ணீருக்கு. வண்டலூர் உயிரியல் பூங்காவின் ஓட்டேரி ஏரி, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை போன்ற இடங்களில் கரையோரம் நின்றுதானே பார்க்கிறோம்.

நம்பிக்கை: 60 மடங்கு காட்டுவதே நல்ல ஸ்கோப்.

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸை 20 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 2.5 மி.மீ. இருக்கும்; பகலில் நம் கண்மணியும் ஏறக்குறைய அந்த அளவுதான் திறந்திருக்கும். 60 மடங்கில் அது 0.8 மி.மீ. ஆகிவிடும். பறவை பெரிதாகத் தெரியும், ஆனால் இருட்டடிக்கும். போதாததற்கு நம்மூர் வெயில். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கேளம்பாக்கம் பக்கம் கானல் எழும்பினால் ஸ்கோப் அதையும் சேர்த்தே பெரிதாக்கும். லட்ச ரூபாய் ஸ்கோப்பும் இதற்கு விலக்கல்ல.

உதாரணத்துக்கு, பச்சைக்கால் உள்ளானுக்கு அலகு தடித்து, லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்புமண் உள்ளானுக்கு ஊசிபோல மெலிந்து, நேராக இருக்கும். வெயில் ஏறுமுன் 20 மடங்கில் தெளிவான லென்ஸ் இதைக் காட்டிவிடும். 60 மடங்கு மங்கலில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே காசை மடங்கில் போடாமல், ஓரங்களில் நிறம் பிரிவதைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடியில் போடுங்கள். வாங்குமுன் வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கைப் பாருங்கள். உடலின் ஓரத்தில் ஊதாக் கோடு பட்டையாகத் தெரிந்தால் அந்த ஸ்கோப் வேண்டாம்.

நம்பிக்கை: எடை குறைவுதானே, கையிலேயே பிடிக்கலாம்.

கோவாவின் டி.எஸ்.என்.-501 சுமார் 400 கிராம்தான், நிக்கானின் ஈ.டி.50, ஐபீஸ் இல்லாமல் 455 கிராம். எடை குறைந்தாலும் 20 மடங்கில் கை நடுக்கமும் 20 மடங்கு. முக்காலி கட்டாயம். அதிலும் எடையை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் முட்டுக்காட்டுக் காற்று விடாது. கால்களை முழுக்க நீட்டாமல், நடுத்தண்டில் முதுகுப்பையைத் தொங்கவிட்டால் ஓரளவு ஆடாமல் நிற்கும். அந்தத் தாழ்ந்த உயரத்துக்குச் சாய்வு ஐபீஸ்தான் தோது. கூட வந்த பிள்ளைகளும் எட்டிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: தண்ணீர் புகாத ஸ்கோப்பில் ஆவி படியாது.

நைட்ரஜன் அடைத்திருந்தால் உள்ளே படியாது, அவ்வளவுதான். ஏ.சி. காரிலிருந்து இறங்கிய கையோடு வெளியே எடுத்தால் லென்ஸின் வெளிப்பக்கம் வெண்மூட்டமாகிவிடும். பத்து நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்த ஸ்கோப்பில் பூஞ்சை பிடித்தால், துடைத்த பிறகும் லென்ஸில் தழும்பு நிற்கும்.