தோட்டப் பள்ளிக்குப் போகும் புதிய ஆசிரியருக்கு

சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழகத்தில் படித்து முடித்து, பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கம் வேலை கிடைத்திருக்கும் தம்பி தங்கைகளே, இணைய லைன் கிடைக்காத பள்ளி என்று முகம் சுளிக்காதீர்கள். கெடாவின் பழைய ஆசிரியன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1. பலகையை மறைத்து நிற்காதீர்கள். 'ழ' எழுதும்போது கை எங்கே தொடங்கி எப்படிச் சுழல்கிறது என்பதை முதலாம் ஆண்டுப் பிள்ளை பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, மெதுவாக எழுதுங்கள்.

2. பாடத்தைத் தாளிலும் வையுங்கள். ஒரு காலத்தில் ஃபுரோக் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றச் சொன்னார்கள். 2019-இல் அந்தச் சேவையே முடிந்துபோனது. மாஜோங் தாளில் எழுதியது இன்றும் அலமாரியில் இருக்கும்.

3. கைப்பேசியை நம்பி வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். 2020-இல் பள்ளிகள் மூடியபோது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

4. ஆள் குறைவு என்று புலம்பாதீர்கள். 150 மாணவருக்குக் குறைந்தால் அமைச்சு அதைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறது. எட்டுப் பேர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் உரக்க வாசிக்க வைக்கலாம். பட்டணத்தில் அது நடக்காது. இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தால், பெரியவன் சின்னவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுப்பவனுக்குத்தான் லாபம் அதிகம்.

5. வகுப்பை விட்டு வெளியே வாருங்கள். ரப்பர் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தால் இடமதிப்பு புரியும். தொடுதலுக்குத் தாவரம் துலங்குவதைத் திடலோரத் தொட்டாற்சுருங்கி காட்டும். வரலாற்றுக்கு மெர்போக் அருங்காட்சியகம் போங்கள். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய கடாரம் நம் மண்தான்; பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டி எனும் பழங்கோயில்களின் கற்களைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

6. விடியுமுன் பால் வெட்டப் போகும் தாயைக் காலையில் பள்ளிக்கு அழைக்காதீர்கள். மாலையில் நீங்கள் போய்ப் பாருங்கள். முதலில் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

7. இல்லாமையைப் பெருமையாக்காதீர்கள். மலாயாவில் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகுதான் பல தோட்ட முதலாளிகள் பள்ளி திறந்தார்கள். கேட்காமல் எதுவும் வந்ததில்லை. கணினியும் இணையமும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை. தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் எழுத வையுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். அதுவரை பாடத்தை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.