பீட்சா மேசையில் எடுக்கும் முடிவுகள்

தேர்வு முடிந்த நாள், இணைப்பாட நடவடிக்கைப் போட்டியில் வென்ற நாள், நண்பரின் பிறந்தநாள் என ஏதேனும் ஒரு காரணம் கிடைத்தால் போதும். மாணவர்கள் பலர் கூட்டமாகச் செல்லும் இடங்களுள் ஒன்று பீட்சா உணவகம். நால்வரோ ஐவரோ ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, நடுவில் இருக்கும் தட்டிலிருந்து ஆளுக்கொரு துண்டாக எடுத்து உண்பதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சியைக் கைவிட வேண்டியதில்லை. 'பீட்சா உடலுக்குக் கெடுதல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் சரியன்று. ஒரே உணவகத்தில், ஒரே மேசையில் அமர்ந்த இருவர் முற்றிலும் வேறுபட்ட இரண்டு உணவுகளை உண்டுவிட்டு எழக்கூடும். எதை உண்பது, எவ்வளவு உண்பது, எதனோடு உண்பது ஆகியவற்றை உணவுப்பட்டியலைப் புரட்டும் அந்தச் சில நிமிடங்களில் நாமே முடிவு செய்கிறோம். அம்முடிவுகளைத் தெரிந்து எடுப்பது எப்படி என்று இங்குக் காண்போம்.

எளிய உணவாகப் பிறந்தது

பீட்சாவின் தாயகம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். மெல்லியதாகத் தட்டிய மாவின்மேல் தக்காளி, சிறிது பாலாடைக்கட்டி, துளசியை ஒத்த பேசில் இலை, ஓரிரு சொட்டு ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை இட்டு, விறகடுப்பின் கடும் வெப்பத்தில் ஓரிரு நிமிடங்களில் சுட்டெடுப்பார்கள். அந்நகரத்து உழைக்கும் மக்கள் குறைந்த செலவில் பசியாறிய உணவு அது. நேப்பிள்ஸ் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுடைமைகளின் பட்டியலில் சேர்த்தது.

கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றபோது பீட்சாவின் உருவம் மாறியது. மாவு தடித்தது, பாலாடைக்கட்டி பெருகியது, ஓரங்களுக்குள்ளும் பாலாடைக்கட்டியைத் திணிக்கும் வழக்கம் வந்தது, பதப்படுத்திய இறைச்சி மேலேறியது, பக்கத்தில் இனிப்புப் பானம் வந்து அமர்ந்தது. இன்று நாம் கவலைப்பட வேண்டியவை பெரும்பாலும் இப்படிப் பின்னர் வந்து சேர்ந்தவையே.

நாம் ஏன் அக்கறை கொள்ள வேண்டும்?

சிங்கப்பூர் அரசாங்கம் 2016ஆம் ஆண்டில் நீரிழிவு நோய்க்கு எதிரான போரை அறிவித்தது. சிங்கப்பூரர்களில் மூவரில் ஒருவர் தம் வாழ்நாளில் நீரிழிவு நோய்க்கு ஆளாகும் அபாயம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு எச்சரித்துள்ளது. நம் சமூகத்தைப் பொறுத்தவரை இது இன்னும் நெருக்கமான செய்தி. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது தெரியவந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடாக இருந்தது. நம் வீடுகளிலேயே தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என யாரேனும் ஒருவர் உணவுக்கு முன் மாத்திரை எடுத்துக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்போம்.

உப்பின் நிலையும் இதுதான். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்புக்குச் சமம். ஆனால், 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரில் வசிப்போர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கின்றனர். மிகுதியான உப்பு காலப்போக்கில் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது.

இந்நோய்கள் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு வேளை பீட்சாவால் வருவதுமில்லை. பல ஆண்டுப் பழக்கம் அவற்றுக்கு வழிவிடுகிறது. பெற்றோர் துணையின்றி, சொந்தப் பணத்தில், சொந்த விருப்பப்படி உணவு வாங்கத் தொடங்கும் பருவம் உயர்நிலைப்பள்ளிப் பருவம். அப்போது பழகும் நாக்குதான் நாளைக்கும் நம்மோடு வரும்.

மாவும் மேலே இடுவனவும்

பீட்சாவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அடிமாவு. மெல்லிய அடிமாவில் மாவின் அளவு குறைவு. தடித்த அடிமாவு சில கடைகளில் எண்ணெய் ஊற்றிய தட்டில் வேகவைக்கப்படுகிறது. ஓரத்தில் பாலாடைக்கட்டி திணித்த வகையில் கொழுப்பும் உப்பும் மேலும் கூடுகின்றன. முழுத்தானிய மாவில் செய்த பீட்சா கிடைக்குமானால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதிலுள்ள நார்ச்சத்து பசியை நீண்ட நேரம் தாங்கச் செய்யும்.

அடுத்தது, மேலே என்ன இருக்கிறது என்பது. காளான், குடமிளகாய், வெங்காயம், தக்காளி, கீரை, அன்னாசி போன்றவை இருந்தால் நார்ச்சத்தும் வைட்டமின்களும் கிடைக்கும். இறைச்சி வேண்டுமென்றால் சுட்ட கோழித்துண்டுகளோ கடலுணவோ நல்ல தேர்வு. சாசேஜ், பெப்பரோனி போன்ற பதப்படுத்திய இறைச்சியில் உப்பு மிகுதி. அதை அடிக்கடி உண்பது பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதிகரிக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது.

பாலாடைக்கட்டியை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. வளரும் பிள்ளைகளுக்குத் தேவையான புரதமும் கால்சியமும் அதில் உள்ளன. அதே வேளையில் நிறைவுற்ற கொழுப்பும் உப்பும் அதில் இருப்பதால், 'கூடுதல் பாலாடைக்கட்டி வேண்டுமா?' என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வது நல்லது.

'இரண்டு துண்டு' என்றால் எவ்வளவு?

"நான் இரண்டு துண்டுதான் சாப்பிட்டேன்" என்று பலர் கூறுவதுண்டு. ஆனால், துண்டு என்பது ஓர் அளவுகோல் ஆகுமா? கணிதப் பாடத்தில் கற்ற வட்டத்தின் பரப்பளவைச் சற்று நினைவுகூர்வோம்.

9 அங்குல விட்டமுள்ள பீட்சாவின் பரப்பளவு ஏறத்தாழ 64 சதுர அங்குலம். 12 அங்குல பீட்சாவின் பரப்பளவு ஏறத்தாழ 113 சதுர அங்குலம். விட்டம் மூன்று அங்குலம்தான் கூடியிருக்கிறது. உணவோ முக்கால் மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. சிறியதை 6 துண்டுகளாகவும் பெரியதை 8 துண்டுகளாகவும் வெட்டினால், பெரிய பீட்சாவின் 3 துண்டுகளும் சிறிய பீட்சாவின் 4 துண்டுகளும் ஒரே அளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆகவே, எத்தனை துண்டு உண்டோம் என்பதோடு எந்தப் பீட்சாவின் துண்டு என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேகமும் அளவைப் பாதிக்கிறது. வயிறு நிறைந்ததை மூளை உணர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். பேசிக்கொண்டே விரைவாக உண்பவர், தாம் நிறைவடைந்ததை அறியும் முன்பே அடுத்த துண்டை எடுத்துவிடுவார்.

கோப்பையில் இருப்பது என்ன?

மேசையில் நாம் எளிதாக மாற்றக்கூடியது பானம். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பொட்டலமிட்ட பானங்களுக்கும், 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கடைகளில் தயாரிக்கப்படும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடைமுறையில் உள்ளது. சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு உள்ளன என்பதைப் பொறுத்துப் பானங்கள் 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரிக்கப்படுகின்றன. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை உள்ள பானம் 'சி' தரத்தில் அடங்கும். அதையும் தாண்டினால் 'டி' தரம். 'சி', 'டி' பானங்களில் தரக்குறியீட்டைக் காட்டுவது கட்டாயம்.

100 மில்லிலிட்டரில் 8 கிராம் சர்க்கரை உள்ள பானத்தை 500 மில்லிலிட்டர் அருந்தினால் 40 கிராம் சர்க்கரை உடலில் சேர்கிறது. அது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி. தேநீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் யாரும் குடிக்கமாட்டோம். குளிர்ச்சியும் நுரையும் அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. தண்ணீரோ சர்க்கரை சேர்க்காத தேநீரோ கேட்டு வாங்கினால் பீட்சாவின் சுவை சிறிதும் குறையாது.

சலுகை யாருக்கு?

'இரண்டு பெரிய பீட்சா, பூண்டு ரொட்டி, கோழி இறக்கைகள், நான்கு பானம்: எல்லாம் சேர்த்துக் குறைந்த விலை' போன்ற விளம்பரங்களைக் கண்டிருப்போம். தனித்தனியாக வாங்குவதைவிட இது மலிவு என்பது உண்மையே. ஆனால், நாம் வாங்க நினைக்காதவற்றையும் வாங்க வைப்பதுதான் இத்தகைய சலுகையின் வேலை.

நான்கு மாணவர்கள் அந்தச் சலுகையை வாங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பெரிய பீட்சாவிலும் 8 துண்டுகள் என்றால் ஆளுக்கு 4 துண்டுகள். அதோடு ரொட்டி, பொரித்த கோழி, இனிப்புப் பானம். வீணாக்கக்கூடாது என்ற எண்ணத்தில், வயிறு நிறைந்த பிறகும் உண்பார்கள்.

அதே நால்வர் வேறு விதமாகவும் வாங்கலாம். காய்கறியும் கோழியும் இட்ட, மெல்லிய அடிமாவுள்ள பெரிய பீட்சா ஒன்று. ஆளுக்கு 2 துண்டுகள். பகிர்ந்துகொள்ள இரண்டு தட்டுக் காய்கறிக் கலவை. அதற்குரிய குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டுப் பெறலாம். குடிக்கத் தண்ணீர். காற்பந்து ஆடிவிட்டு வந்தவருக்குப் பசி அடங்கவில்லை என்றால் சிறிய பீட்சா ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டு, பாதித் தட்டில் காய்கறியும் பழமும், கால் தட்டில் முழுத்தானியமும், கால் தட்டில் புரத உணவும் இருக்கவேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது மேசை அதற்கு ஓரளவு நெருங்கி வருகிறது.

நண்பர்களுக்கு நடுவில்

இவையெல்லாம் தெரிந்திருந்தும், கூட்டத்தில் இருக்கும்போது சொல்லத் தயங்குகிறோம். 'எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் தண்ணீர் கேட்டால் கேலி செய்வார்களோ' என்ற எண்ணம் இயல்பானது. நண்பர்களுக்கு அறிவுரை கூறத் தேவையில்லை. "முதலில் ஒன்று வாங்குவோமே, போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கலாம்" என்று கூறிப் பாருங்கள். பணம் மிச்சமாகும் என்பதால் மற்றவர்களும் உடன்படுவார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டால், அதுவரை தயங்கிய இன்னொருவரும் தண்ணீர் கேட்பதைப் பல மேசைகளில் காணலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. யார் எவ்வளவு உண்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதும், உடல்வாகைச் சொல்லிக் கேலி செய்வதும் நட்புக்கு அழகல்ல. ஒல்லியாக இருப்பவருக்கும் உப்பும் சர்க்கரையும் கூடினால் தீங்குதான். நலமாக உண்பது எல்லாருக்கும் பொதுவானது.

உணவு எஞ்சினால் பெட்டியில் இட்டு வீட்டிற்குக் கொண்டுசென்று, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அன்று மதியம் பீட்சா உண்டவர், இரவு உணவில் காய்கறியையும் பழத்தையும் கூட்டி உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு வேளை உணவை மட்டும் பார்க்காமல் ஒரு நாள் உணவை, ஒரு வார உணவைப் பார்க்கப் பழகுவது நல்லது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டுவிட்டு, அதன் குறள்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறார். பசித்தபின் உண்பதும் அளவறிந்து உண்பதும் அவர் காட்டும் வழி. பீட்சாவை அவர் கண்டதில்லை. ஆயினும், அடுத்த முறை உணவுப்பட்டியலைக் கையில் எடுக்கும்போது அந்த இரண்டையும் நினைத்துக்கொண்டு வாங்கினால், நண்பர்களோடு உண்ணும் மகிழ்ச்சியும் உடல்நலமும் ஒருங்கே கிட்டும்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. 'சலுகை விலையில் வாங்குவது எப்போதும் சிக்கனமாகாது.' இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் விளக்குக.

2. நீங்களும் உங்கள் நண்பர்கள் மூவரும் பீட்சா உணவகத்திற்குச் செல்கிறீர்கள். பனுவலில் கூறப்பட்டுள்ள கருத்துகளின் அடிப்படையில் உங்கள் மேசைக்குரிய உணவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கூறுக.

3. உங்கள் பள்ளி உணவகத்திலோ உங்கள் வட்டார உணவங்காடி நிலையத்திலோ கிடைக்கும் ஓர் உணவை எடுத்துக்கொண்டு, அதை மேலும் ஆரோக்கியமானதாக மாற்றிக்கொள்ளும் வழிகளை எழுதுக.