மதினி சொன்ன சாட்சி

தென்காசியில் மருந்துக்கடை வைத்திருப்பதால், குற்றாலத்தில் வாங்கிய மூலிகை எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார்கள். "அண்ணாச்சி, இதத் தேய்க்கலாமா? எங்க மதினிக்கு ரெண்டே பாட்டில்ல முடி கொட்டுறது நின்னுட்டு." மதினி பொய் சொல்லவில்லை. கொட்டுவது நின்றது உண்மைதான். எண்ணெயால் நின்றதா என்பதே கேள்வி.

"அதுக்கு முன்னால மதினிக்குக் காய்ச்சல் கீச்சல் வந்துச்சா?" என்று கேட்பேன். யோசித்துவிட்டு, "ஆமா, ஐப்பசி மழையில டெங்கு வந்து படுத்துட்டா" என்பார்கள். கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர்ப் பட்டினி என எது வந்தாலும், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடலாம். அப்படிப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக்கொத்தாக வரும். தை மாதம் சீப்பில் முடி சுருளும்போது ஐப்பசிக் காய்ச்சலை யார் நினைக்கிறார்கள்? பயத்தில் எண்ணெய் வாங்குகிறார்கள். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். பேர் மட்டும் எண்ணெய்க்குப் போய்விடும்.

சீசன் வியாபாரத்தில் இன்னொன்றும் உண்டு. ஆடிச் சாரலில் குற்றாலத்துப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிறவர்கள் பாட்டிலோடு ஊருக்குப் போய்விடுகிறார்கள். பலன் கிடைத்ததாக நம்புகிறவர் போன் போட்டு இன்னொரு பாட்டில் கேட்பார். பலனில்லாதவர் அதைச் சொல்வதற்காக விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வரமாட்டார். ஆகவே கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவர் காதில் விழுவது பாராட்டு மட்டும்தான். 'முன்', 'பின்' என்று படங்களைக் காட்டினால் தலையை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பாருங்கள். 'முன்' படத்தில் ஈரமுடி, உச்சியில் நேர் விளக்கு. 'பின்' படத்தில் உலர்ந்த முடி, மாற்றி எடுத்த வகிடு. இவ்வளவு போதும், அடர்த்தி கூடினாற்போல் தெரியும்.

பிரபலங்களின் வாக்கும் இப்படித்தான். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், 2021 ஜனவரியில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு முடிவளர்ச்சி கிரீம் நிறுவனத்துக்கும், அதன் விளம்பரத்தில் நடித்த நடிகர் அனூப் மேனனுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தான் தேய்ப்பது அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் என்று விசாரணையில் அந்த நடிகரே சொன்னார்.

சரியான சோதனை எப்படி நடக்கும்? 1988இல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மினாக்ஸிடிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு அதேபோல் இருக்கும் மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று பூசுகிறவருக்கும் தெரியாது, எண்ணுகிறவருக்கும் தெரியாது. தலையில் குறித்த இடத்தில் முடியை எண்ணுவார்கள். வெறும் திரவம் பூசியவர்களிலும் சிலர், "எனக்கு வளர்ந்திருக்கிறது" என்று மனதார நம்பிச் சொன்னார்கள். ஒருவர் வாக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தேங்காய் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பதை நான் தடுக்கவில்லை, அது சுகம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை விழுவதும் இயல்புதான். ஆனால் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மயிர்க்கால் தழும்பாகிவிடும் நோய்களும் உண்டு; அந்த இடத்தில் பிறகு எதைத் தேய்த்தாலும் முடி முளைக்காது.