செவிவழிச் செய்தி: ஊர்ப்பணியும் உள்ளூர் வானொலியும்

கண் சிகிச்சை முகாம் என்றால் முதலில் சுவரொட்டி அச்சிடுகிறோம், துண்டறிக்கை வழங்குகிறோம். ஆனால் கண்புரை விழுந்த முதியவர் சுவரொட்டியை எவ்வாறு படிப்பார்? முகாம் யாருக்காகவோ, அவருக்கே அழைப்புத் தெரியாமற் போகிறது. இத்தகையோருக்குச் செய்தி செவிவழியே செல்ல வேண்டும். அதற்கு உள்ளூர் வானொலி உற்ற துணையாகும் என்பதை நாட்டு நலப்பணித் திட்ட மாணவன் என்னும் முறையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வானலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' என்னும் சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. 2006-ஆம் ஆண்டு விதிகள் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வாய்ப்பை அளித்தன. 2016-இல் பாம்பனில் மீனவ மக்களுக்கென 'கடல் ஓசை' எழுந்தது. இந்நிலையங்களின் ஒலி பெரும்பாலும் 10 முதல் 15 கிலோமீட்டர் தொலைவுக்கே எட்டும். நமக்கு இது குறையன்று. முகாமுக்கு வரக்கூடியவர்கள் வாழும் எல்லையும் ஏறத்தாழ அதுவே.

நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு அமைய வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு விதி. ஆகவே நாம் வெறுங்கையோடு உதவி கேட்டுச் செல்ல வேண்டியதில்லை. நிலையத்துக்கு நிகழ்ச்சி வேண்டும். நமக்குக் கேட்போர் வேண்டும். இதுவே கூட்டுறவின் அடிப்படை.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவரின் பேட்டியைப் பதிவு செய்து தரலாம். அடுத்த வாரம், அறுவை செய்துகொண்ட ஊர்ப் பாட்டி ஒருவரைப் பேசச் செய்யலாம். "இப்ப நானே ஊசியில நூல் கோக்கிறேன்" என்று அவர் சொல்லும் ஒரு சொல், நம் பத்து வேண்டுகோள்களினும் அச்சத்தைப் போக்கும். கடைசி மூன்று நாட்களில் சிறு அறிவிப்புகள் போதும்.

அறிவிப்பை எழுதும்போது ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தாளை மீண்டும் புரட்டலாம். காற்றில் போன சொல்லை மீண்டும் கேட்க இயலாது. எனவே வாக்கியங்கள் சிறியனவாக இருக்கட்டும். நாள், நேரம், இடம் மூன்றையும் தொடக்கத்திலும் முடிவிலும் கூறுதல் நன்று. பழைய மருந்துச் சீட்டோடும் துணைக்கு ஒருவரோடும் வருமாறு சொல்ல மறக்கலாகாது. ஒலிபரப்பும் நேரத்தை, மக்கள் வயலுக்குப் புறப்படும் வேளையையும் திரும்பும் வேளையையும் அறிந்து முடிவு செய்ய வேண்டும்.

நாள் மாறினால் அதனையும் உடனே வானொலியில் அறிவித்தல் நம் கடமை. ஒரு நாட் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் செலவழித்து வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால், மறுமுறை நம் அழைப்பையும் நம்பார், வானொலியையும் நம்பார்.

முகாமில் பெயர் பதியும்போது, "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்து வைப்போம். அக்கணக்கை நிலையத்தாரிடமும் காட்டுவோம். அடுத்த முகாமுக்கு எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதை அதுவே நமக்குக் கற்பிக்கும்.