நகச் சாயமும் நாங்களும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“ஆழம் அறியாமல் காலை விடாதே” என்பது பெரியோர் வாக்கு. அதன் பொருளை எங்கள் வகுப்பு மாணவியர் ஐவர் இவ்வாண்டு விரல் நுனியிலேயே அறிந்துகொண்டோம். அந்த அனுபவத்தையும் அதனால் கற்ற பாடத்தையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சென்ற ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, இலக்கிய மன்ற விழாவில் எஸ்தர் அரசியின் கதையை நாடகமாக நடித்தோம். அரசிக்கும் தோழியர்க்கும் சிவப்பு நகச் சாயம் பூசப்பட்டது. அவையோரின் கைதட்டலைப் பெற்று மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். திங்கட்கிழமை மாதத் தேர்வு. நகச் சாயத்துடன் வகுப்பில் அமரக்கூடாது என்பது நம் பள்ளி ஒழுங்கு. சாயம் நீக்கும் திரவமோ எங்கள் எவர் வீட்டிலும் இல்லை.

அரசியாக நடித்தவள், பென்சில் சீவும் பிளேடால் சாயத்தைச் சுரண்டினாள். சாயத்தோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்தது. நகக்கண்ணில் கீறலும் விழுந்தது. மறுநாள் விரல் வீங்கி, பேனா பிடிக்க இயலாமல், கணிதத் தேர்வில் பாதி வினாக்களை விட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

இதைக் கேள்வியுற்ற எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “சுரண்டத் தெரிந்த உங்களுக்குக் கரைக்கத் தெரியவில்லையே! கரைசல்கள் பாடம் தேர்வுக்கு மட்டும்தானா?” என்று கேட்டார்கள். அடுத்த வாரம் எங்களை ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்றார்கள்.

சாயம் என்பது யாது?

நகச் சாயத்தின் முக்கியப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் இட்டால் இது கிடைக்கும். 1846ஆம் ஆண்டில் இதனை உலகிற்கு அறிவித்தவர் ஷான்பைன் என்னும் வேதியியலறிஞர். நைட்ரேட் மிகுதியாக ஏறிய வகை வெடிபஞ்சாயிற்று. குறைவாக ஏறிய வகை 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் வண்ணமாகியது. அதன் உறவுதான் நம் நகத்தில் மின்னுகிறது!

இப்பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவங்களில் கரைத்து, வண்ணம் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிவிட, ஒரு மெல்லிய படலம் நகத்தின் மேல் தங்குகிறது. பாட்டி அரைத்து இட்டுவிடும் மருதாணி அப்படியன்று. அதிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு சேர்ந்துவிடும். அதை எந்தக் கரைப்பானாலும் எடுக்க இயலாது. நகம் வளர்ந்துதான் போகவேண்டும். நகச் சாயமோ மேலே படிந்த படலமே. ஆகவே, ஏற்ற கரைப்பான் கிடைத்தால் மீண்டும் கரைந்துவிடும்.

நாங்கள் செய்த சோதனை

கண்ணாடித் தகடுகளில் சாயம் பூசி, ஒருநாள் உலரவிட்டு, வீட்டில் கிடைக்கும் பொருள்களைச் சோதித்தோம். சோப்பு நீரில் மாற்றமில்லை. பலரும் புகழும் எலுமிச்சைச் சாறும் வினிகரும் பத்து நிமிடம் ஊறியும் படலத்தைக் கரைக்கவில்லை. அவை நீர் சார்ந்த அமிலங்கள். புண்பட்ட தோலில் எரிச்சல்தான் தரும். பற்பசை படலத்தைக் கரைக்காமல் தேய்த்துக் கீறியது. அதுவும் ஒருவகையில் பிளேடு செய்த வேலையே.

ஆல்கஹால் கலந்த சானிடைசர் படலத்தை மெல்ல இளக்கியது. பழைய சாயத்தின் மேல் புதுச் சாயத்தைப் பூசி, உலருமுன் துடைத்தபோது இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்ற விதி கண்ணெதிரே விளங்கிற்று!

வீட்டிலேயே செய்யும் முறை

1. நீர்போன்ற சானிடைசர் (ஆல்கஹால் 70 சதவீதம்) 30 மில்லியை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். விளக்கெண்ணெய் பத்துச் சொட்டு விடுங்கள். விளக்கெண்ணெய் தூய ஆல்கஹாலில் கரையும். சானிடைசரில் நீர் இருப்பதால் அடியில் தங்கும். ஆதலால் ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும்.

2. விரல்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பத்து நிமிடம் வைத்து நன்கு துடையுங்கள்.

3. பஞ்சை நனைத்து நகத்தின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம்.

4. அடியிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். ஒரே முறையில் போகாது. மூன்று நான்கு முறை செய்யவேண்டும்.

5. கை கழுவியபின் நகத்திலும் சுற்றியுள்ள தோலிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கடையில் வாங்கும் திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது விரைவாகக் கரைக்கும். ஆனால் நகத்தையும் தோலையும் உலரச் செய்யும். அதைப் பயன்படுத்தினால் முன்னதாகவே நகத்தைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

கவனம், தோழியரே!

அசிட்டோன் 56 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; மேசைமேல் படர்ந்து தீயைத் தேடிச் செல்லும். சானிடைசரும் எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்பருகிலோ, மின்தடையின்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்திலோ இவ்வேலையைச் செய்யாதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். புட்டியின்மேல் பெயர் எழுதி, தம்பி தங்கையர் கைக்கு எட்டாமல் வையுங்கள். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டில் நச்சுத்தன்மையுள்ள மெத்தனால் இருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம். காயம்பட்ட விரலில் எதையும் தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழுவதும் புதிதாக ஆறு மாதம் ஆகும். ஒரு நிமிட அவசரத்தில் உரிந்த எங்கள் தோழியின் நகம் இப்போதுதான் சீராயிருக்கிறது. அவள் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறோம். “என் பெயரைப் போடாதீர்கள், விரலை மட்டும் போடுங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பாடநூலில் படித்தது கையருகே இருந்தும் பிளேடை எடுத்தோமே என்று இன்றும் வருந்துகிறோம். அடுத்த ஆண்டு நாடகத்தில் நடிக்கவிருக்கும் தங்கைகளே, சாயம் பூசும் முன்பே அதைக் கரைக்கும் வழியையும் ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்!