செயினை மாற்றும் முன் அளந்து பாருங்கள்: பவானிபூரில் ஒரு பட்டறைத் தொழில்

"தாதா, சேன் பொடே ஜாச்சே." கொல்கத்தாவின் பவானிபூரில் சைக்கிள் பட்டறை போட நினைக்கிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய வங்காள வாக்கியம் இது. செயின் கழன்று கழன்று விழுகிறது என்று வண்டிக்காரர் சொல்கிறார். சாதாரண சைக்கிள் என்றால் அவரே ஓரமாக நிறுத்திக் கையால் மாட்டிக்கொண்டு போய்விடுவார். மோட்டார் பூட்டிய சைக்கிளில் அந்த வசதி இல்லை. ஓட்டத்தில் கழன்ற செயின் போக்ஸ் கம்பிக்குள் சிக்கினால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பின்னால் மூட்டை ஏற்றி ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவார். அதனால்தான் இந்த வேலையைக் கவனமாகச் செய்யத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு.

ஜது பாபு பஜாரிலிருந்து காய்கறி ஏற்றுகிறவர், விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர், கூரியர் பை சுமக்கிறவர் எல்லாருக்கும் வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. கொல்கத்தாவில் இவர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. நகரக் காவல்துறை 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த எண்ணிக்கையை 62 ஆகக் குறைத்தது. பெரிய சாலை மூடிக்கிடந்தால் வண்டி சந்து சந்தாகத்தான் போக வேண்டும். சந்தில் பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி, திரும்பவும் கிளப்பியாக வேண்டும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் மோட்டார் செயினை வெடுக்கென்று இழுக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் செயினுக்கு இந்த அடி கிடையாது.

செயினை மாற்றிக் கொடுப்பது எளிது. அது ஏன் கழன்றது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர்தான் மெக்கானிக். புதுச் செயின் போட்டு அனுப்பி, பத்தே நாளில் அதே வண்டி திரும்பி வந்தால் அந்தத் தெரு முழுக்கப் பெயர் கெட்டுவிடும்.

எனவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேளுங்கள். எப்போது கழல்கிறது? பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் செயின் தொய்வாக இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் "கடக்" என்று தாண்டினால் பல் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சத்தம் வந்தால் சக்கரத்தில் கோட்டம் இருக்கலாம், அல்லது பின் ஸ்ப்ராக்கெட் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) நடுமையத்தில் உட்காரவில்லை. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை தட்டினால் செயினில் ஒரு லிங்க் இறுகிப்போயிருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பல்சக்கரத்தைச் சுற்றி வரும்போது மடங்காமல் நிமிர்ந்து நிற்கும் லிங்க் தானாகக் கண்ணில் படும்.

அடுத்தது அளவு. சைக்கிள் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். 24 லிங்க் நீளத்தைப் பிடித்து அளந்தால் புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் வரும். அதே அளவு 308-ஐத் தொட்டுவிட்டால் அந்தச் செயின் முடிந்தது. கியர் வைத்த சைக்கிளில் 306-ஐத் தாண்டியதுமே மாற்றிவிட வேண்டும். ஒரு சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதும். வண்டிக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து காட்டுங்கள். தன் கண்ணால் பார்த்தவர் பணம் கொடுக்கும்போது சந்தேகப்பட மாட்டார்.

இரும்பு இழுபட்டு நீளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பொறியாளர் ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் 1880-இல் புஷ் வைத்த ரோலர் செயினை உருவாக்கினார். இன்றைய செயின்கள் அந்த வடிவத்தின் வழிவந்தவையே. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் ஒரு ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசி உரசித் தேயும்போது மூட்டுக்கு மூட்டு இம்மியளவு இடைவெளி கூடுகிறது. எல்லாம் சேர்ந்து செயின் நீண்டதுபோல் தெரிகிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி நின்று இழுக்கும், பல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும். அதனால் தேய்ந்த பல்மேல் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினும் சீக்கிரம் பாழாகும். குறைந்தபட்சம் மோட்டாரில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தையாவது சேர்த்து மாற்றுங்கள். முன்னால் 9 பல், பின்னால் 18 பல் என்றால், சின்னதில் உள்ள ஒவ்வொரு பல்லும் பெரியதைப்போல் இரு மடங்கு வேலை செய்கிறது. முதலில் தேய்வது அதுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அகலம். சைக்கிள் செயின், சைக்கிளில் பூட்டும் பெட்ரோல் எஞ்சின் கிட்டோடு வரும் 415 செயின், மொபெட்டுக்குப் போடும் 420 செயின் எல்லாவற்றுக்கும் பின்களுக்கு இடையிலான இடைவெளி ஒன்றுதான். ஆகவே எதை எதன்மேல் வைத்தாலும் உட்கார்ந்ததுபோல் தெரியும். ஆனால் உள்ளகலம் வேறு. கியர் சைக்கிள் செயின் 2.4 மில்லிமீட்டர், சாதாரண சைக்கிள் செயின் 3.2, 415 செயின் 4.8, 420 செயின் 6.35. மெல்லிய பல்மேல் அகலச் செயினை மாட்டினால் அது பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடி, ஒருநாள் வெளியே குதித்துவிடும். கையிருப்பில் உள்ளதை மாட்டிச் சமாளிப்போம் என்ற எண்ணம் இங்கே ஆபத்து.

பிறகு நேர்கோடு. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள், அல்லது நேரான பட்டை ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒட்ட வைத்து முன்பக்கம் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். மோட்டார் பிராக்கெட்டின் போல்ட் அரை சுற்று தளர்ந்திருந்தாலும் கோடு விலகும். வாஷர் ஒன்று கூட்டியோ குறைத்தோ சரிசெய்யக்கூடிய வேலை இது. இதைச் செய்யாமல் செயினை மட்டும் இறுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தொய்வைப் பார்க்கும்போது ஓர் இடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் செயின் எங்கே மிக இறுக்கமாக நிற்கிறதோ, அந்த இடத்தில் வைத்தே சரிசெய்யுங்கள். நடுப்பகுதியை விரலால் தூக்கி இறக்கினால் மொத்த ஆட்டம் 12-இலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தொய்ந்த இடத்தில் இறுக்கினால், இறுகிய இடம் வரும்போது மோட்டாரின் பேரிங் அடிவாங்கும். முடிந்தவரை பின் அச்சையோ மோட்டாரையோ நகர்த்தித்தான் தொய்வை எடுக்க வேண்டும். ஃபிரேமின் கீழ்க்கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டும் டென்ஷனர் சக்கரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிர்வில் அது வழுக்கித் திரும்பினால் நேரே போக்ஸ் கம்பிக்குள்தான் போகும். தவிர்க்க முடியாத வண்டியில் அது அசையாதபடி திடமாகப் பூட்டிக் கொடுங்கள்.

பெட்ரோல் கிட் பூட்டிய வண்டிகளில் பாதித் தொல்லை பின் ஸ்ப்ராக்கெட் மாட்டும் முறையிலேயே இருக்கிறது. போக்ஸ் கம்பிகளை இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவில் பிடித்து, 44 பல் தட்டு ஒன்றை 9 போல்ட்டால் அவற்றோடு இறுக்குகிறார்கள். பாரம் தாங்க வேண்டிய மெல்லிய கம்பிகளே இழுவையையும் தாங்குகின்றன. ஒரு போல்ட் கொஞ்சம் அதிகம் இறுகினாலும் தட்டு கோணும், செயின் ஒரு சுற்றில் தொய்ந்தும் இறுகியும் ஓடும். முதலில் சக்கரத்தின் கோட்டத்தை எடுங்கள். பிறகு ஃபிரேமில் ஒரு கம்பியைக் கட்டி அதன் முனை தட்டின் ஓரத்தை உரசுவதுபோல் வைத்து, சக்கரத்தைச் சுற்றியபடி எதிரெதிர் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பொறுமை வேண்டிய வேலை. ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மறுபடி இறுக்கிக் கொடுங்கள், ரப்பர் அமுங்கியிருக்கும். அடிக்கடி கம்பி ஒடிந்து வரும் வண்டிக்கு, ஹப்பிலேயே நேரடியாகப் பூட்டும் அடாப்டர்தான் தீர்வு.

செயினின் இரு முனைகளை இணைக்கும் செயின் லாக்கை மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கிளிப் தெறித்துவிடும். நீளம் சரியாக வராதபோது ஒரு அரை லிங்க் போடலாம், ஆனால் அது செயினின் பலவீனமான இடமாகிவிடும். பாரம் ஏற்றும் வண்டிக்கு வேண்டாம்.

கொல்கத்தாவில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை. தேங்கிய நீரில் ஓடி வந்த செயினில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து தேய்ப்புப் பசையாகிவிடும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியில் இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது மூட்டுக்குள், மேலே அல்ல. வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தை விட்டொழியுங்கள். அதில் உலோகத் துகள்கள் இருக்கும். மேலே கிரீஸ் பூசினால் மண் ஒட்டும், மூட்டுக்குள் போகாது.

எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் பல்லுக்குள் போய்விடும். பெட்ரோல் வண்டியில் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். மின் வண்டியில் சாவியை அணைத்தால் போதாது, பேட்டரி இணைப்பையே பிரித்து வையுங்கள். உதவிக்கு நிற்கும் பையன் தெரியாமல் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலும் மோட்டார் சுழலும். பட்டறையில் சின்னப் பையன்களை வேலைக்கு வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

வாடிக்கையாளர் "வேகம் கூட்டிக்கொடு" என்று கேட்பார். கணக்கு தெரிந்திருந்தால் பதில் சொல்லலாம். மோட்டாரின் பல்சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது, முன்னால் 9 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 150 சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர், ஆக மணிக்கு சுமார் 18.6 கிலோமீட்டர். பின்னால் 16 பல் போட்டால் 21. வேகம் கூடிய அளவுக்கு இழுவை குறையும். மூட்டை ஏற்றுகிறவருக்கு அது நஷ்டம், மோட்டாரும் சூடாகும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்குக்கும் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த சக்தியும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின் இருசக்கர வண்டிக்கு, எடை, பிரேக் போன்ற நிபந்தனைகளோடு, பதிவு தேவையில்லை. அப்படி விற்கும் வண்டிக்குச் சோதனை அமைப்பின் சான்றும் வேண்டும். சந்தையில் கிடைக்கும் 48 சிசி, 66 சிசி பெட்ரோல் கிட்டுகள் இந்த வரம்பைத் தாண்டியவை. அவற்றைப் புதிதாகப் பூட்டித் தருவதை ஒரு தொழிலாக எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீடு கிடையாது, வழக்கில் உங்கள் பெயரும் வரும். மின் வண்டிகளின் பழுதே இந்தத் தொழிலின் வருங்காலம்.

உதிரிபாகம் வாங்கப் பவானிபூரிலிருந்து அலைய வேண்டாம். நேதாஜி பவன் நிலையத்தில் மெட்ரோ ஏறுங்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து ஓடி வந்து நின்ற பவானிபூர் நிலையம் இதுதான், பெயர் பிறகு மாறியது. அதே தடத்தில் சாந்தினி சௌக்கில் இறங்கினால் கன்ட்ரோலர், ஒயர், கனெக்டர் கிடைக்கும் மின்பொருள் சந்தை. பக்கத்திலேயே பென்டிங்க் தெருவில் சைக்கிள் கடைகள். மோட்டார் வண்டிச் சாமான்களுக்கு மல்லிக் பஜார். அங்கே பழைய பொருளும் கலந்திருக்கும், ஸ்கேலோடு போங்கள். செயின் வாங்கும்போது நம் ஊர்ப் பெயர்களும் கண்ணில் படலாம். கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் செயினும், அம்பத்தூரில் வளர்ந்த டைமண்ட் செயினும் நாடெங்கும் ஓடுகின்றன. பெட்டியில் உள்ள எண்ணையும் செயின் தட்டில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

படிப்பு வேண்டுமா? ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பாடம் 2 வருடம். வாகனத் துறைத் திறன் மேம்பாட்டுக் கவுன்சிலின் இருசக்கர வாகனப் பயிற்சிகள் குறுகிய காலத்தில் முடியும். சான்றிதழ் வங்கிக்கும் நிறுவன வேலைக்கும் உதவும். கைப்பழக்கம் பட்டறையில்தான் வரும், ஆறு மாதமாவது ஒரு நல்ல மிஸ்திரியின் கீழ் இருங்கள். சொந்தக் கடைக்கு முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் கேட்கலாம். செயின் கட்டர், பிரீவீல் கழற்றும் கருவி, கோட்டம் பார்க்கும் ஸ்டாண்டு, மல்டிமீட்டர், ஸ்பேனர் செட் இவற்றோடு தொடங்க முடியும்.

கடை தொடங்கிய முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். வண்டிக்காரர் பெயர், செயினின் நீளம், பல் எண்ணிக்கை, மாற்றிய தேதி. மூன்று மாதம் கழித்து அவர் வரும்போது "போன முறை 305 இருந்தது, இப்போது 307, அடுத்த மாதம் மாற்றிவிடலாம்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். செயின் கழன்று விழுவதற்கு முன்பே சொன்ன மிஸ்திரியைத் தேடித்தான் அவர் அடுத்த முறையும் வருவார்.